முற்றுப்புள்ளிக்காகத் திரும்பி வரும் கட்டுரைகள்: தமிழ் ஆய்விதழ் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நான் பேராசிரியரும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. மதுரையில் ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடுகளையும் ஆய்விதழுக்குப் போகும் கட்டுரைகளையும் தட்டச்சு செய்வது, மெய்ப்புப் பார்ப்பது, மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் இதழ் கேட்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. உங்களுக்கு வரும் கட்டுரைகளில் சில என் மேசையைத் தாண்டித்தான் வருகின்றன. நீங்கள் திருப்பி அனுப்பினால் அதே மேசைக்குத்தான் திரும்பவும் வருகின்றன. உள்ளதைச் சொன்னால், இந்தக் குழப்பம் இருக்கிறவரை என் கடைக்கு வேலை இருக்கும். பார்த்துப் பார்த்து எனக்கே சலித்துப்போனதால் எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு மாணவியின் கட்டுரை வந்தது. நெய்தல் திணைப் பாடல்களைப் பற்றியது. முதலில் அனுப்பிய இதழ் அடிக்குறிப்பு முறை கேட்டது: பக்கத்தின் அடியில் எண் போட்டு, ‘மேலது, ப. 45’ என்று. மாதக்கணக்கில் பதில் இல்லை. இரண்டாவது இதழ் ஏபிஏ என்ற அமெரிக்க மேற்கோள் முறை. ‘மேலது’க்களை எல்லாம் களைந்துவிட்டு அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் போட்டோம். ‘எங்கள் இதழின் பரப்புக்குள் வராது’ என்று திருப்பினார்கள். மூன்றாவது இதழ் எம்எல்ஏ முறை, அதாவது அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் முறை என்றது. கூடவே பதிப்பித்த ஊரும் நூலின் மொத்தப் பக்கமும் வேண்டும் என்றது. எம்எல்ஏ கையேடு அப்படிக் கேட்பதில்லை. சரி, கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்று கொடுத்தோம். ‘மேற்கோள்கள் உரிய முறையில் இல்லை’ என்று ஒற்றை வரியில் திரும்பி வந்தது. கட்டுரை சொல்லும் கருத்து சரியா தவறா என்று அதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உடனே அந்த இதழின் பழைய வெளியீடு ஒன்றைத் தேடி எடுத்துத் துணைநூற்பட்டியல்களை மட்டும் படித்தேன். ஒரு கட்டுரையில் நூற்பெயர் சாய்வெழுத்தில், இன்னொன்றில் தடித்த எழுத்தில், மூன்றாவதில் மேற்கோள் குறிக்குள். ஒருவர் ‘முதற்பதிப்பு’ என்கிறார், ஒருவர் ‘மு.ப.’ என்கிறார், ஒருவர் பதிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. எது அந்த இதழின் ‘உரிய முறை’ என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இது தமிழுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. 2019இல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 41 நாடுகளைச் சேர்ந்த 372 பேரிடம், கட்டுரையை இதழ் கேட்கும் வடிவத்துக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டார்கள். ஒரு கட்டுரைக்கு 14 மணி நேரம் என்பது நடுவில் நிற்கும் விடை. அதைச் சம்பளக் கணக்கில் போட்டால் கட்டுரைக்கு 477 டாலர். துணைநூற்பட்டியலைத் தானே அமைத்துத் தரும் மேற்கோள் மென்பொருள் பெரும்பாலும் கைகொடுக்கும் ஆங்கிலத்திலேயே இந்த நிலை. அந்த மென்பொருள் பாதி வழியில் கைவிட்டுவிடும் தமிழில் எவ்வளவு ஆகும் என்று யாரும் கணக்கெடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. என் கடை விளக்கைக் கேட்டால் சொல்லும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. 1978இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு வடிவம் கேட்டு எழுதுகிறவர்களை அலைக்கழிக்க வேண்டாம், நம் இதழ்களுக்கு வரும் கட்டுரைகளுக்கு ஒரே வடிவம் வைத்துக்கொள்வோம் என்று பேசி முடித்தார்கள். அடுத்த ஆண்டு அதை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க மருத்துவக் கட்டுரைகளில் ‘வான்கூவர் முறை’ என்று வழங்குவது அதிலிருந்து வந்ததுதான். யுனெஸ்கோ கூட்டவில்லை, எந்த அரசும் ஆணை போடவில்லை. ஆசிரியர்களே உட்கார்ந்து பேசினார்கள். உங்களால் முடியாதா?

‘அதற்கென்ன, எல்லோரும் ஏபிஏவையே வைத்துக்கொள்ளலாமே’ என்று நீங்கள் சொல்லக்கூடும். ஏபிஏ அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு. உளவியலுக்கும் கல்வியியலுக்கும் அருமையாகப் பொருந்தும். நேற்று வந்த ஆய்வா, இருபது ஆண்டுக்கு முந்தியதா என்பது அங்கே முக்கியம். அதனால்தான் பெயரை ஒட்டி ஆண்டு. அதை அப்படியே எடுத்துத் தமிழ் இலக்கிய ஆய்வின் மேல் கவிழ்த்தால் என்ன ஆகும் தெரியுமா? ‘திருவள்ளுவர் (2015) கூறுகிறார்’ என்று ஆகும். மிகைப்படுத்தவில்லை, இதை நான் என் கையால் பக்கம் அமைத்திருக்கிறேன். ‘தொல்காப்பியர், 2003, ப. 112’ என்றும் வந்திருக்கிறது. இளங்கோவடிகள் 2008இல் எழுதியதாக ஒரு பட்டியல் சொல்கிறது. அந்த ஆய்வாளருக்குத் தெரியாதா என்ன? தெரியும். மென்பொருள் ஆண்டு கேட்டது, இதழும் ஆண்டு கேட்டது, கையில் இருந்த மலிவுப் பதிப்பில் 2008 என்று இருந்தது. போட்டுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், செவ்விலக்கியங்களுக்குப் பக்க எண் வேண்டாம், இயல், பாடல், வரி என்று நிலையான எண்ணைக் கொடுங்கள் என்று ஏபிஏ கையேடே சொல்கிறது. நம் இதழ்களின் ஒருபக்க ‘நெறிமுறை’களில்தான் அந்தப் பகுதி விடுபட்டுப் போயிருக்கிறது.

நம்மிடம் ஏற்கெனவே நல்ல முறை ஒன்று இருக்கிறது. ‘புறம். 192’ என்றால் போதும், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் ‘யாதும் ஊரே’ பாட்டைத் திறந்துவிடுவார். ‘சாமிநாதையர், 2014, ப. 338’ என்றால் அதே மறுபதிப்பு அலமாரியில் இருக்க வேண்டும். ஆனால் இந்தப் பழைய முறையிலும் சில இடங்களில் ஓட்டை உண்டு, அங்கேதான் உங்கள் முடிவு தேவை. தொல்காப்பிய நூற்பா எண் உரைக்கு உரை மாறும். இளம்பூரணர் ஒன்றாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார். ‘தொல். பொருள்.’ என்று எண் போடும்போது யார் உரைப்படி என்று சொல்லாவிட்டால், படிப்பவர் முன்னும் பின்னும் தேட வேண்டியதுதான். குறளில் அந்தத் தொல்லை இல்லை என்று தோன்றும். ஆனால் மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பரிமேலழகரிடமிருந்து மாறியிருக்கும். கம்பராமாயணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண் வேறு. ‘இந்த நூலுக்கு இந்தப் பதிப்பின் எண்’ என்று நீங்கள் ஒரு பக்கத்தில் பட்டியல் போட்டு வெளியிட்டால், எழுதுகிறவர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் எத்தனையோ நாள் மிச்சம்.

ஆண்டு என்று பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மறுபதிப்பு ஆண்டை மட்டும் போடுவதால் வெறும் ஒழுங்குக் குறைவு மட்டும் வருவதில்லை, வாதமே கவிழும். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பதிப்பு 1856. அவரே திருத்தி விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875. அவர் மறைவுக்குப் பின், 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. அது பற்றிப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. இப்போது ஒருவர் 1913ஆம் ஆண்டுப் பதிப்பின் மறு அச்சைக் கையில் வைத்துக்கொண்டு ‘கால்டுவெல் (1856)’ என்று எழுதுகிறார். இன்னொருவர் அதையே வைத்துக்கொண்டு, மறு அச்சின் ஆண்டைப் போடுகிறார். ‘கால்டுவெல் இதைச் சொல்லவே இல்லை’ என்று மூன்றாமவர் மறுக்கிறார். மூவரும் மூன்று நூலைப் பற்றிப் பேசுவதுபோல ஆகிவிடுகிறது. முதலில் வந்த ஆண்டு, பயன்படுத்திய பதிப்பின் ஆண்டு, இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதச் சொன்னால் இந்தச் சண்டை பாதி தீரும்.

பழைய நூல்களில் ஆண்டையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டு முகப்புத் தாளில் ‘விய வருஷம் பங்குனி மீ’ என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அறுபது ஆண்டுச் சுற்றில் விய 1886, 1946, 2006 என்று திரும்பத் திரும்ப வரும். சித்திரையில் பிறக்கும் ஆண்டு என்பதால், 1886இல் தொடங்கிய விய ஆண்டின் பங்குனி ஆங்கிலக் கணக்கில் 1887. இதைச் சதுர அடைப்புக்குள் போடுவதா, இரண்டையும் போடுவதா? இந்தப் பக்கம் திருவள்ளுவர் ஆண்டு. 31ஐக் கழித்தால் கிறித்துவ ஆண்டு வந்துவிடும், எளிதுதான். ஆனால் 2045 என்று மட்டும் அச்சிட்ட நூலை அப்படியே பட்டியலில் ஏற்றிவிட்டு, எதிர்காலத்தில் வந்த நூலை மேற்கோள் காட்டியவர்களும் உண்டு. அது 2014.

கல்வெட்டு ஆய்வாளர்கள் இதில் எல்லோரையும்விடக் கட்டுப்பாடானவர்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி எண், கல்வெட்டு எண். அல்லது கல்வெட்டு ஆண்டறிக்கையின் ஆண்டும் எண்ணும். முடிந்தது வேலை. தயவுசெய்து அவர்களை ஏபிஏ கேட்டுக் கெடுக்காதீர்கள்.

அடுத்து பெயர். இதில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

மேலை நாட்டு முறையில் குடும்பப் பெயரை முன்னால் போட்டு, காற்புள்ளி வைத்து, மற்றதைச் சுருக்குவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால். எஸ். சந்திரசேகர் என்ற இயற்பியலாளரின் ‘எஸ்’ அவர் தந்தை சுப்பிரமணியன். சந்திரசேகர் என்பது அவருடைய சொந்தப் பெயர். அது கடைசியில் நின்றதால் வானியலில் ‘சந்திரசேகர் வரம்பு’ அவர் பெயரிலேயே நிலைத்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை நிரப்பியிருப்பார்கள். இதழின் இணையப் படிவமும் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்று சிவப்புக் கோடு காட்டும். முருகனின் மகள் செல்வி கட்டுரை எழுதினால் ‘முருகன், செ.’ என்று பட்டியலில் ஏறுகிறது. அவள் அண்ணன் செந்தில் எழுதினாலும் ‘முருகன், செ.’ வாழ்நாளில் ஒரு வரி எழுதாத அப்பா பெயரில் மேற்கோள்கள் சேர்ந்துகொண்டே போகும். படிவத்தில் முதலெழுத்தை மட்டும் போட்டவர்களின் கதை இன்னும் மோசம். ‘மு., செல்வி’ என்று, ஏதோ மு என்பவர் எழுதியதுபோல.

ஐஸ்லாந்தில் நம்மைப் போலத்தான். அங்கே பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை அல்லது தாய் பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். அதனால் தொலைபேசி அட்டவணையிலிருந்து துணைநூற்பட்டியல்வரை சொந்தப் பெயரை வைத்து அடுக்குகிறார்கள், பெயரைத் திருப்பிப் போடுவதில்லை. நாமும் ‘மு. செல்வி’ என்றே எழுதலாம். அடுக்கும்போது மட்டும் முதலெழுத்தை விட்டுவிட்டு ‘செ’ வரிசையில் வைக்கலாம். கட்டுரைக்குள்ளும் ‘(செல்வி, 2019)’ என்று மொட்டையாக விடாமல் முதலெழுத்தோடு போட வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை செல்விகள் ஆய்வு செய்கிறார்கள்! ஜோட்டெரோ போன்ற மேற்கோள் மென்பொருளில் பெயரை இரண்டு கட்டமாகப் பிரிக்காமல் ஒரே கட்டமாக வைக்கும் வசதி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். உங்கள் இணையப் படிவத்திலும் அப்படி ஒற்றைக் கட்டம் வைக்கச் சொல்லி உங்கள் தொழில்நுட்ப ஆளிடம் கேளுங்கள்.

அடுக்குவது என்றேன். அதிலும் ஒரு வேதனை உண்டு. அழகப்பன், அறவாணன், அவ்வை, அரசு என்று நான்கு ஆசிரியர்கள் இருந்தால் நம் அகரவரிசைப்படி அரசு, அவ்வை, அழகப்பன், அறவாணன் என்று வர வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் அரசு, அறவாணன், அழகப்பன், அவ்வை என்று தரும்; அந்த அட்டவணையில் ர-வுக்குப் பக்கத்திலேயே ற இருக்கிறது, ழ-வுக்குப் பின்னால் வ இருக்கிறது. அதே காரணத்தால் கல்யாணசுந்தரத்துக்கு முன்னால் கலைவாணன் போய் உட்கார்ந்துகொள்வார். மெய் முந்தி, உயிர்மெய் பிந்தி என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இதைக் கையால் திருத்துகிறேன். சில மதிப்பீட்டாளர்கள் திருத்தியதைத் தவறு என்று வட்டமிட்டு அனுப்புகிறார்கள், அவர்கள் கணினி வேறு மாதிரி அடுக்குகிறது என்பதால்.

இதாவது பரவாயில்லை. இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கட்டுரை வேண்டும் என்று கேட்கும் இதழ்களை நினைத்தால் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. பாமினியில் அடித்த கோப்பில் தமிழே கிடையாது. ஆங்கில விசைகளின் எழுத்துகள்தான் இருக்கின்றன, மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை வேர்டில் அகரவரிசைப்படுத்திப் பாருங்கள். ந, க, ப, த, ம, அ, ச, வ என்று வரும். அது ஆங்கில அகரவரிசை: ந-வுக்கு உரிய விசை க-வின் விசைக்கு முந்தியது, அவ்வளவுதான். செல்வி, கொற்றவன் மாதிரிக் கொம்பு முதலில் அடிக்கும் பெயர்கள் ஒரு தனி மூலையில் ஒதுங்கி நிற்கும். மேற்கோள் மென்பொருளுக்கு அது தமிழ் என்றே தெரியாது. கூகுளில் தேடினால் கிடைக்காது. எழுத்துத் திருட்டு சோதிக்கும் மென்பொருளும் அதில் ஒன்றையும் காணாது, யாராவது அப்படியே படியெடுத்தால்கூட. யூனிகோடை அரசே 2010இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சகத்துக்கு இன்னும் பாமினிதான் வேண்டும் என்றால், கடைசி நிமிடத்தில் மாற்றிக் கொடுக்கும் மாற்றிகள் இருக்கின்றன. ஆய்வாளர் தலையில் கட்ட வேண்டாம்.

எழுத்துத் திருட்டு என்றதும் இன்னொன்று. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி, மூலத்தைச் சுட்டிக் காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் ஒப்புமைக் கணக்கில் சேராது. ஆனால் பாடல் வரிகளைத் தனிப் பத்தியாகவோ மேற்கோள் குறிக்குள்ளோ வைக்காமல் உரைநடையோடு கலந்துவிட்டால் மென்பொருள் அதை எண்ணிவிடும். சங்கப் பாடலை நிறைய எடுத்துக்காட்டும் ஒரு நேர்மையான மாணவர் 10 விழுக்காட்டு வரம்பைத் தாண்டிவிட்டு என் கடைக்கு வந்து அழுவது இப்படித்தான். மேற்கோளை எப்படி அமைக்க வேண்டும் என்று உங்கள் நெறிமுறையில் நான்கு வரி இருந்தால் போதும்.

இணைய முகவரிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ் விக்கிப்பீடியா முகவரியைப் படியெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு குறியீடும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாகிவிடும். ‘கோ’ ஒன்றுக்கே பதினெட்டு. அரைப்பக்கம் அதுவே ஓடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலோ மதுரைத் திட்டத்திலோ நூலகம் தளத்திலோ படித்திருந்தால், எந்த அச்சுப் பதிப்பின் படி என்பதும் தளத்தின் பெயரும் இருந்தால் போதாதா?

இனி நான் கேட்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். முதல் அனுப்புதலில் மேற்கோள் வடிவத்தைப் பார்க்காதீர்கள். யார், எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்த இடம் என்ற தகவல் முழுமையாகவும் ஒரே சீராகவும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வடிவம் எல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகு. எல்சவியர் போன்ற பெரிய பதிப்பு நிறுவனமே தன் இதழ்கள் பலவற்றில் முதல் முறை எந்த வடிவத்திலும் அனுப்பலாம் என்று விட்டுவிட்டது. பணம் எண்ணும் நிறுவனம் அது, காரணம் இல்லாமல் செய்யாது. தகவல் குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள், நான் உங்கள் கட்சி. பதிப்பாசிரியர் பெயரே இல்லாமல் ‘சங்க இலக்கியம், சென்னை’ என்று எழுதிவிட்டு வருகிறவர்களை நானும் உட்காரவைத்துத் திட்டுகிறேன்.

பிறகு, கூடிப் பேசுங்கள். ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டிய தன் கேர் பட்டியலை யுஜிசி 2025இல் நிறுத்திவிட்டது. எது நல்ல இதழ் என்று இனி இதழே காட்ட வேண்டும். துணைநூற்பட்டியல் சீராக இருப்பது அதற்கு மலிவான வழி. பெயர், நிலையான பாடல் எண், இரட்டை ஆண்டு, அகரவரிசை, யூனிகோட், ப.ஆ. (பதிப்பாசிரியர்), உ.ஆ. (உரையாசிரியர்), மொ.ஆ. (மொழிபெயர்ப்பாசிரியர்) போன்ற சுருக்கங்கள்: இவ்வளவுதான் முடிவு செய்ய வேண்டியது. பதிப்பித்த ஊரையும் விட்டுவிடாதீர்கள். ஏபிஏவின் ஏழாம் பதிப்பு ஊரை நீக்கிவிட்டது, ஆனால் நம் பழைய நூல்களில் அச்சுக்கூடமும் ஊரும்தான் பல நேரம் அடையாளம். முடிவானதை மேற்கோள் மென்பொருள் படிக்கும் பாணிக் கோப்பாக ஒருமுறை எழுதிப் பொதுவில் வைத்துவிட்டால், ஜோட்டெரோ வைத்திருக்கும் யாரும் ஒரு சொடுக்கில் எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட பாணிக் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் திறந்த களஞ்சியத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாணிகள் இருக்கின்றன. சிறு இதழ்கள் பலவும் தமக்கென ஒன்று வைத்திருக்கின்றன.

கூட்டம் எங்கே, எப்போது என்று சொல்லுங்கள். உங்களுக்குள் ஒத்துவராத இடங்களைக் காட்ட, என் கடையில் சேர்ந்திருக்கும் இதழ் நெறிமுறைத் தாள்களை ஒரு கோப்பில் கட்டி எடுத்து வருகிறேன். பாணிக் கோப்பைத் தமிழ்ப் பட்டியல்களில் போட்டுச் சோதித்துப் பிழை சொல்வதையும் செய்துதருகிறேன், கூலி வேண்டாம். நெய்தல் கட்டுரை இப்போது நான்காவது இதழுக்குப் போயிருக்கிறது. அது உங்களில் யாருடையதோ. அதில் ‘ப.’வுக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் இருந்தால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், மூன்றாம் பகுதியில் அவள் சொல்வதை மட்டும் தயவுசெய்து யாராவது படித்து மறுத்தோ ஏற்றோ எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வேடு தட்டச்சு செய்து கொடுக்கும் ஒருவர்,
மதுரை